என் இதயத் துடிப்பு அறிக்கையும் ஒரு நூறு வருட வரலாறும்



போன மாதம் முழுவதும் நான் இங்கே ஒரு வரி கூட எழுதவில்லை. "சாருக்கு என்ன ஆச்சு?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். சிலர் வீட்டுக்கே போன் செய்தீர்கள். என் வீட்டுக்காரம்மா யாரிடம் என்ன சொன்னாளோ தெரியவில்லை, "சாருக்கு ஹார்ட்ல ஏதோ பிரச்சினையாம்" என்று செய்தி சிங்கப்பூர் வரை போய்விட்டது. நான் நலமாக இருக்கிறேன். ஆனால் நடந்ததைச் சொல்லத்தான் வேண்டும். கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் முக்கால் மணி நேரம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள்தானே நீங்கள், இதையும் பொறுமையாகப் படித்துவிடுங்கள்.

சில மாதங்களாகவே ராத்திரி படுக்கும்போது நெஞ்சுக்குள் ஒரு துடிப்பு தப்பியதுபோல இருக்கும். பிறகு "தொம்" என்று ஒரு பலத்த அடி. அவ்வளவுதான். மகள் வற்புறுத்தியதால் இதய மருத்துவரைப் பார்க்கப் போனேன். "என்ன சார் தொந்தரவு?" என்று அவர் கேட்டார். எனக்குப் பின்னால் முப்பது பேர் காத்திருந்தார்கள். "பெரிசா ஒண்ணும் இல்ல டாக்டர், லேசா படபடப்பு" என்று சொல்லிவிட்டேன். இ.சி.ஜி. எடுத்தார்கள், நார்மல் என்றார்கள். இருந்தாலும் ஹோல்டர் பரிசோதனை ஒன்று செய்துவிடலாம் என்று அவர் எழுதிக் கொடுத்தார். மார்பில் ஒயர்களை ஒட்டி, இடுப்பில் ஒரு சின்னப் பெட்டியைக் கட்டி, 24 மணி நேரம் கழித்துக் கழற்றினார்கள்.

அறிக்கை கைக்கு வந்தபோது டாக்டர் ஊரில் இல்லை. மூன்று வாரம் கழித்துத்தான் பார்க்க முடியும் என்றார்கள். அந்த மூன்று வாரம்தான் பிரச்சினை. அறிக்கையில் இருந்தது இது: கூடுதல் துடிப்புகள் 1,842. மிகக் குறைந்த துடிப்பு நிமிடத்துக்கு 44. மிக நீண்ட இடைவெளி 2.1 விநாடி. அதற்குக் கீழே "சைனஸ் அரித்மியா" என்று ஒரு வரி. அரித்மியா என்றால் தாளம் தவறுவது என்று அகராதி சொன்னது. 2.1 விநாடி என் இதயம் நின்றே போயிருக்கிறது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

காலை நடையை நிறுத்தினேன். மாடிப்படி ஏறுவதை நிறுத்தினேன். பேரனைத் தூக்குவதையும் நிறுத்தினேன், அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. இணையத்தில் இரவெல்லாம் தேடினேன். தேடத் தேட நோய் வளர்ந்தது. நாலாம் நாள்தான் புத்தி வந்தது. எதுவும் புரியாவிட்டால் அதன் வரலாற்றைப் படி என்று 34 வருஷம் உங்களுக்குச் சொன்னவன் நான். அதையே செய்து பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

நாடி பார்ப்பது நமக்குப் புதிதல்ல. நம் சித்த வைத்தியர்கள் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து வாதம், பித்தம், கபம் என்று சொன்னார்கள். சீனாவிலும் கிரேக்கத்திலும் அவரவர் வழியில் நாடி பார்த்தார்கள். ஆனால் இதயத்தின் துடிப்பு மின்சாரமாக வெளியே வருகிறது, அதை மனித உடலின் மேலிருந்தே பதிவு செய்யலாம் என்று காட்டியவர் அகஸ்டஸ் வாலர். 1887இல், லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில். மெல்லிய கண்ணாடிக் குழாயில் இருக்கும் பாதரசம், இதயம் துடிக்கும்போதெல்லாம் துளி அசையும். அந்த அசைவின் நிழலைப் படத்தகட்டில் விழவைப்பார். தகடு சீராக நகர வேண்டுமே, அதற்கு அவர் பயன்படுத்தியது குழந்தைகள் விளையாடும் பொம்மை ரயில்!

வாலரிடம் ஜிம்மி என்று ஒரு புல்டாக் நாய் இருந்தது. அதன் கால்களை உப்புத் தண்ணீரில் நிற்க வைத்துக் கூட்டத்தினருக்குக் காட்டுவார். 1909இல் இது நாய்க்குக் கொடுமை இல்லையா என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கேள்வியே எழுந்தது. தண்ணீரில் கலந்தது சாதாரண உப்புதான், கடலில் கால் நனைத்தவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்று தெரியும் என்ற பொருளில் உள்துறை அமைச்சர் பதில் சொன்னார். இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தக் கருவி மருத்துவமனைகளில் பெரிதாகப் பயன்படும் என்று வாலரே நம்பவில்லை.

நம்பியவர் வில்லெம் ஐந்தோவன். டச்சுக்காரர், ஆனால் பிறந்தது நமக்குப் பக்கத்தில், ஜாவாத் தீவின் செமாராங் நகரில், 1860இல். சிறுவயதிலேயே தந்தையை இழந்தார். தாய் ஆறு பிள்ளைகளோடு ஹாலந்து திரும்பினார். 1889இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் நடந்த மாநாட்டில் வாலரின் செயல்விளக்கத்தை ஐந்தோவன் பார்த்தார். பாதரசம் கனமானது, இதயத்தின் வேகத்துக்கு அதனால் ஈடுகொடுக்க முடியாது என்று புரிந்துகொண்டார். பல வருட உழைப்புக்குப் பிறகு, வெள்ளி பூசிய மெல்லிய குவார்ட்ஸ் இழை ஒன்றைப் பெரிய காந்தங்களுக்கு நடுவே தொங்கவிட்டு, துல்லியமான கருவியைச் செய்தார். அதன் எடை சுமார் 270 கிலோ. இயக்க ஐந்து பேர் வேண்டும். நோயாளி இரண்டு கைகளையும் ஒரு காலையும் உப்புத் தண்ணீர் வாளிகளில் வைத்து உட்கார வேண்டும். இன்று ஒரு துளி பசையைத் தடவி ஒட்டுகிறார்களே, அதன் தாத்தா அந்த வாளிதான்.

கருவியை மருத்துவமனைக்குத் தூக்கிப் போக முடியாது, நோயாளியையும் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டு வர முடியாது. என்ன செய்தார்? 1905இல் தொலைபேசிக் கம்பி வழியே, சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் தூரத்திலிருந்து நோயாளியின் இதயத் துடிப்பை வரவழைத்தார். இன்று உங்களில் பலர் கைக்கடிகாரத்தில் இ.சி.ஜி. எடுத்து டாக்டருக்கு அனுப்புகிறீர்களே, அதைப் போன்ற ஒன்று 120 வருடத்துக்கு முன்பே நடந்துவிட்டது. அந்தக் கோட்டின் மேடுபள்ளங்களுக்கு பி, க்யூ, ஆர், எஸ், டி என்று அவர் வைத்த பெயர்கள் இன்றும் நிற்கின்றன. பி என்பது இதயத்தின் மேலறைகள் மின்தூண்டல் பெறும் அலை. க்யூ, ஆர், எஸ் கீழறைகளுக்கு உரியவை. டி அலை, கீழறைகள் அடுத்த துடிப்புக்குத் தயாராகும் நேரம். 1924இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆகக் கோடு கிடைத்துவிட்டது. ஆனால் எந்தக் கோட்டுக்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டாம் என்று யாருக்குத் தெரியும்? என்னுடைய கேள்வியும் அதுதானே. அந்தக் கேள்விக்கு வாழ்நாளைக் கொடுத்தவர் பேராசிரியர் அல்ல. வடக்கு இங்கிலாந்தில் பர்ன்லி என்ற நெசவாலை ஊரில் சாதாரணக் குடும்ப டாக்டராக இருந்த ஜேம்ஸ் மெக்கன்சி. 1879இல் அங்கே தொழிலுக்கு வந்தார். அவர் கவனித்து வந்த ஓர் இளம் கர்ப்பிணி, பிரசவ நேரத்தில் இதயம் பலவீனமாகி அவர் கண்ணெதிரே இறந்துபோனாள். முன்பே எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா என்ற கேள்வி அவரை விடவில்லை. அன்றிலிருந்து நோயாளிகளின் மணிக்கட்டு நாடியையும் கழுத்து நரம்பின் துடிப்பையும் ஒரே காகிதத்தில் வரையும் கருவி ஒன்றை வைத்துக்கொண்டு, அதே ஊர் மக்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்தார்.

பிள்ளைகளே, இந்த இடத்தைக் கவனியுங்கள். பெரிய மருத்துவமனை டாக்டர்கள் நோயாளியை ஒரு வாரம் பார்ப்பார்கள், பிறகு அவர் எங்கே போனார் என்று தெரியாது. மெக்கன்சிக்குத் தெரியும். துடிப்பு தப்பிய பையன் பத்து வருடம் கழித்து என்ன ஆனான்? ஆலைக்குப் போனான், கல்யாணம் செய்தான், பிள்ளை பெற்றான். இப்படிப் பார்த்துப் பார்த்து 1902இல் ஒரு புத்தகம் எழுதினார். மூச்சை இழுத்தால் துடிப்பு வேகமாவதும் விட்டால் மெதுவாவதும் இளையவர்களிடம் சகஜம், அது நோயே அல்ல என்றார். இடையில் வரும் கூடுதல் துடிப்புகளும், இதயம் மற்றபடி நன்றாக இருந்தால், பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை என்றார். அதுவரை இவற்றைக் காரணம் காட்டியே எத்தனையோ பேரை இதய நோயாளிகள் என்று படுக்கையில் போட்டிருந்தார்கள், வேலைக்குப் போகாதே என்று தடுத்திருந்தார்கள். நானாகவே என்னைப் படுக்கையில் போட்டுக்கொண்டது நினைவுக்கு வந்தது. என் அறிக்கையின் கடைசி வரியில் இருந்த "சைனஸ் அரித்மியா" மெக்கன்சி சொன்ன அந்த மூச்சுக் கணக்குதான்!

முதல் உலகப் போரில் இதே கதை பெரிய அளவில் நடந்தது. படபடப்பு, மூச்சுத் திணறல், நெஞ்சு வலி என்று ஏராளமான பிரிட்டிஷ் வீரர்கள் திரும்பி வந்தார்கள். இதய நோய் என்று சீட்டு எழுதி ஓய்வு கொடுத்தார்கள். மெக்கன்சியின் வழிவந்த தாமஸ் லூயிஸ் என்ற மருத்துவர் அவர்களைச் சோதித்துவிட்டு, பலருக்கு இதயத்தில் கோளாறே இல்லை என்றார். ஓய்வுக்குப் பதிலாகப் படிப்படியாக உடற்பயிற்சி கொடுத்தார். பலர் தேறினார்கள். நோய் என்ற சொல்லே மனிதனை நோயாளி ஆக்கிவிடும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

இதைப் படித்ததும் அறிக்கையைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். என் அக்காவின் நினைவு விடவில்லை.

அதே லூயிஸ் 1909இல் இன்னொன்றையும் கண்டுபிடித்தார். எந்த ஒழுங்கும் இல்லாமல் எப்போதும் தாறுமாறாக ஓடும் நாடி ஒன்று உண்டு. அதன் காரணம் இதயத்தின் மேலறைகள் துடிக்காமல் நடுங்கிக்கொண்டிருப்பதுதான் என்று ஐந்தோவனின் கருவியை வைத்துக் காட்டினார். அதே வருடம் வியன்னாவிலும் இருவர் இதே முடிவுக்கு வந்தார்கள். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்பது அதுதான். நடுங்கும் அறையில் ரத்தம் தேங்கும், தேங்கினால் உறையலாம். அந்த உறைகட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம்.

என் அக்காவுக்கு அதுதான் நடந்தது. அவளுக்கும் அவ்வப்போது படபடப்பு வரும், அரை மணி நேரத்தில் அடங்கிவிடும். ஒரு தடவை இ.சி.ஜி. எடுத்தார்கள், நார்மல். "வயசாச்சுல்ல" என்று எல்லோரும் சொன்னோம். நானும் சொன்னேன். படபடப்பு வராத நேரத்தில் எடுத்த இ.சி.ஜி. எப்படி அதைக் காட்டும் என்று எங்கள் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. இரண்டு வருடம் கழித்து ஒரு காலையில் காபித் தம்ளர் அவள் கையிலிருந்து நழுவியது. அதன்பின் அவள் வலது கை எழவே இல்லை. எனக்கு எழுத்துப் பழக்கிவிட்ட கை அது.

சாதாரண இ.சி.ஜி. தாள் பிடிப்பது சுமார் பத்து விநாடியைத்தான். நம் இதயமோ ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. மீதி நேரம் என்ன நடக்கிறது? இதைக் கேட்டவர் அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தைச் சேர்ந்த நார்மன் ஹோல்டர் என்ற இயற்பியலாளர். மனிதன் நடமாடும்போதே பதிவு செய்ய வேண்டும் என்று 1940களின் இறுதியில் அவர் செய்த கருவியின் எடை 38 கிலோ. அதை முதுகில் மாட்டிக்கொண்டு அவரே சைக்கிள் மிதித்தார். கருவி சின்னதாகிக்கொண்டே வந்து, 1961இல் அவர் கட்டுரை வெளியானபின் உலகமெங்கும் பரவியது. என் இடுப்பில் கட்டிய பெட்டி அதன் பேரப்பிள்ளை.

ஆனால் நாள் முழுவதும் பார்த்தால் நாள் முழுவதும் ஏதாவது தெரியத்தானே செய்யும்? மாரடைப்பு வந்து பிழைத்தவர்களில், கூடுதல் துடிப்பு நிறைய இருப்பவர்கள் திடீரென இறக்கும் வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தது. அப்படியானால் அந்தத் துடிப்புகளை மாத்திரையால் அடக்கினால் உயிர் பிழைக்கும் என்று டாக்டர்கள் நினைத்தார்கள். நியாயமாகத்தானே தோன்றுகிறது? நானும் அப்படித்தான் நினைத்தேன். மாத்திரைகள் அந்தத் துடிப்புகளை அடக்கவும் செய்தன. அறிக்கைகள் அழகாக மாறின.

உண்மையில் உயிர் காக்கிறதா என்று சரிபார்க்க அமெரிக்காவில் பெரிய ஆய்வு ஒன்றைத் தொடங்கினார்கள். ஒரு பாதிப் பேருக்கு மருந்து, மறு பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று யாருக்கும் சொல்லவில்லை. 1989இல் இரண்டு மருந்துகளின் சோதனையைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். காரணம், மருந்து சாப்பிட்ட 755 பேரில் 63 பேர் இறந்திருந்தார்கள். வெறும் மாத்திரை சாப்பிட்ட 743 பேரில் 26 பேர். அறிக்கையைத் திருத்திய மருந்து ஆளைக் கொன்றுவிட்டது. இதைப் படித்த ராத்திரி நான் வெகுநேரம் தூங்கவில்லை. ஏனென்றால் டாக்டரைப் பார்த்ததும் "இந்த 1,842ஐ நிறுத்த ஒரு மாத்திரை கொடுங்க" என்று கேட்கத்தான் நான் காத்திருந்தேன்.

(ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு யாரும் தாங்கள் சாப்பிடும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அந்த ஆய்வு மாரடைப்பு வந்தவர்களிடம் குறிப்பிட்ட மருந்துகளை வைத்துச் செய்தது. உங்கள் மருந்து வேறு, உங்கள் இதயம் வேறு. உங்கள் டாக்டரைக் கேளுங்கள்.)

ஒரு பக்கம் மெக்கன்சி, "பயப்படாதே" என்கிறார். இன்னொரு பக்கம் என் அக்கா, "அலட்சியம் செய்யாதே" என்கிறாள். என் காகிதம் எந்தப் பக்கம்? அதைக் காகிதம் சொல்லாது, ஆளை அறிந்தவர்தான் சொல்ல முடியும். நானோ டாக்டரிடம் என்னைப் பற்றி எதையுமே சொல்லாமல் வந்திருக்கிறேன். "சந்தேகம் இருந்தால் கையைத் தூக்கு, வாயைத் திற" என்று உங்களை விரட்டியவன், என் முறை வந்தபோது வாயைத் திறக்கவில்லை.

இந்தத் தடவை தயாராகப் போனேன். ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். துடிப்பு தப்புவது எப்போது, என்ன செய்யும்போது, எவ்வளவு நேரம், கூடவே தலைசுற்றலோ மயக்கமோ உண்டா, சாப்பிடும் மருந்துகள், குடிக்கும் காபி, வீட்டில் யாருக்கு என்ன நோய். அக்காவின் கதையையும் எழுதினேன். பழைய இ.சி.ஜி. தாள்களையும் எடுத்துக்கொண்டேன். வீட்டுக்காரம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன்.

டாக்டர் என் மகள் வயதுடைய பெண். தாளை வாங்கி முழுவதும் படித்தார். "இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே சார்" என்றார். பிறகு ஒவ்வொன்றாக விளக்கினார். கூடுதல் துடிப்பு 1,842 என்பது பெரிய எண்ணாகத் தெரியும், ஆனால் அன்று மொத்தத் துடிப்பு 1,03,000. நூற்றுக்கு இரண்டு கூட இல்லை. 44 என்ற துடிப்பும் 2.1 விநாடி இடைவெளியும் அதிகாலை மூன்று மணிக்கு, நான் ஆழ்ந்து தூங்கும்போது வந்தவை. தூக்கத்தில் இதயமும் இளைப்பாறும். "இதுவே பகல்ல, தலைசுற்றலோட வந்திருந்தா வேற மாதிரி பார்ப்பேன்" என்றார்.

"சாயங்காலம் 5.40க்கு 128க்குப் போயிருக்கே, அப்ப என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார். பெட்டியோடு கொடுத்த குறிப்புத் தாளில் நான் எதுவும் எழுதியிருக்கவில்லை. விழித்தேன். "மொட்டை மாடியில குரங்கு விரட்டினார் டாக்டர், வடகம் காயப்போட்டிருந்தேன்" என்றாள் வீட்டுக்காரம்மா. டாக்டர் சிரித்துவிட்டார். "அப்ப 128 சரிதான்."

பிறகு நான் எழுதி வைத்திருந்த கேள்விகளைக் கேட்டேன். இந்தத் துடிப்புக்குப் பெயர் என்ன? என் இதயத்தின் தசையும் வால்வும் நன்றாக இருக்கின்றனவா? மருந்து கொடுத்தால் என்ன நன்மை, கொடுக்காவிட்டால் என்ன ஆகும்? எது வந்தால் உடனே ஓடி வர வேண்டும்? மறுபடி எப்போது சோதிக்க வேண்டும்? எக்கோ எடுத்துப் பார்த்துவிட்டு இதயம் நன்றாக இருக்கிறது, மாத்திரை தேவையில்லை, நடையை நிறுத்த வேண்டாம் என்றார். மயக்கம் போட்டு விழுந்தாலோ, நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ வந்தாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும் என்றார். இந்த 24 மணி நேரத்தில் அக்காவுக்கு வந்த நடுக்கம் தெரியவில்லை, ஆனால் நீண்ட நேரம் தாறுமாறாகத் துடித்தால் அந்த நேரத்திலேயே வந்து இ.சி.ஜி. எடுக்கச் சொன்னார். ஆறு மாதம் கழித்து ஒரு தடவை வரச் சொல்லியிருக்கிறார். எல்லாம் சேர்த்துப் பதினைந்து நிமிடம்.

அந்தப் பதினைந்து நிமிடத்துக்குப் பின்னால் ஒரு நூறு வருடம் நிற்கிறது என்று எனக்குத் தோன்றியது. அத்தனை பேர் பாடுபட்டு அந்தக் கோட்டைப் படிக்கக் கற்றுக்கொண்டார்கள். ஆனால் குரங்கு விரட்டியதை நாம்தான் சொல்ல வேண்டும். அக்காவின் கதையையும் நாம்தான் சொல்ல வேண்டும். எந்தப் பெட்டியும் அதைப் பதிவு செய்யாது.

ஆகவே பிள்ளைகளே, உங்கள் அப்பா அம்மாவுக்கு இப்படி ஓர் அறிக்கை வந்தால் இணையத்தில் தேடி அவர்களைப் பயமுறுத்தாதீர்கள். "நார்மல்தான்" என்று தட்டிக் கழிக்கவும் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு, ஒரு தாளில் எழுதி, டாக்டரிடம் கூடவே போங்கள். உங்களில் டாக்டரும் நர்ஸும் ஆனவர்கள் பத்துப் பேராவது இருக்கிறீர்கள். "ஒண்ணும் இல்ல டாக்டர்" என்று ஒரு பெரியவர் சொன்னால் இன்னொரு தடவை கேளுங்கள். எங்கள் தலைமுறைக்குச் சொல்லத் தெரியாது.

நேற்று மறுபடி நடக்கப் போனேன். குளக்கரையை இரண்டு சுற்று வந்தேன். நடுவில் ஒரு துடிப்பு தப்பியது, பிறகு "தொம்" என்று ஓர் அடி. நிற்காமல் நடந்தேன். வீட்டுக்கு வந்ததும் பேரனைத் தூக்கினேன்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்